காய்ச்சலுக்கு முகவரி கேட்கும் சட்டம்

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான ஞாயிறாக இருந்திருந்தால் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தோள் இடிபடாமல் நடக்க முடிந்திருக்காது. ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு வரிசை, சிம் கார்டுக்கு ஒரு வரிசை, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்புக் குவியல், தேக்கா திடல் ஓரத்தில் ஊர்வாரியாக உட்கார்ந்து பேசும் கூட்டம் என்று எல்லாம் இருந்திருக்கும். அன்று எதுவும் இல்லை. கொரோனா தொற்றுக் குழுமம் கண்டறியப்பட்டதால் முஸ்தஃபா சென்டர் ஏப்ரல் 2-ஆம் தேதியே கதவைச் சாத்தியிருந்தது. அந்த ஞாயிறன்று பொங்கோலில் உள்ள எஸ்11 வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. முதல் விடுதியில் 13,000 பேர், இரண்டாவதில் 6,800 பேர். பதினான்கு நாள் அவரவர் அறையிலேயே இருக்க வேண்டும்.

நோய் பயத்தோடு அன்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது: சம்பளம் வருமா?

வந்தது, அல்லது வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. தனிமைப்படுத்தும் உத்தரவில் இருக்கும் நாள்களைச் சம்பளத்துடன் கூடிய மருத்துவமனை விடுப்பாகக் கணக்கிட வேண்டும் என்று மனிதவள அமைச்சு முதலாளிகளுக்குச் சொன்னது. அதற்கு ஈடாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 வெள்ளி முதலாளி பெற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டு ஊழியர் தீர்வையில் தள்ளுபடி கிடைத்தது. விடுதித் தொழிலாளர்களின் கொரோனா சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது. அந்த வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவற்றில் எதுவுமே அந்த 19,800 பேர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது அல்ல. நோய் வந்த பிறகு, அறிவிப்பு அறிவிப்பாக, மேலிருந்து கொடுக்கப்பட்டவை. அடுத்த நோய்க்கும் அதே மனம் இருக்குமா என்பது வேறு கேள்வி. ஒப்பந்தத்திலும் காப்புறுதிப் பாலிசியிலும் தொற்றுநோய்க்கு உண்மையில் என்ன இடம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் வாசலில். ஊரில் இருக்கும்போதே கைக்கு வரும் ஐ.பி.ஏ. (கொள்கை அளவிலான அனுமதி) கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் இருக்கும். சிங்கப்பூரில் இறங்கி இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. காசநோய், எச்.ஐ.வி., சிபிலிஸ், மலேரியா என நான்கு தொற்றுகளுக்குச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் வேலை அனுமதி (பெர்மிட்) இல்லை, திரும்ப வேண்டியதுதான். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் அவர் வந்து இறங்கும் முன்பே முதலாளி 5,000 வெள்ளிப் பிணையம் கட்டியிருக்க வேண்டும். ஆக, தொற்றுநோயோடு ஒப்பந்தத்துக்கு ஏற்படும் முதல் அறிமுகம் ஆளை வடிகட்டும் காரணமாக. ஏஜென்டுக்குக் கட்டிய கடன் தலைக்கு மேல் நிற்கும்போது இந்த முதல் பாடம் ஒருவர் மனதில் எப்படிப் பதியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னால் இரண்டு வாரம் விடாமல் இருமினாலும் வெளியே சொல்லாமல் வேலைக்குப் போகிறவர்களைக் கண்டு ஆச்சரியப்படுகிறவர்கள், அவர்கள் இந்த நாட்டுக்குள் நுழைந்த விதத்தை ஒரு தரம் நினைத்துப் பார்க்கலாம்.

எம்.சி. எடுத்தால் எவ்வளவு போகும்?

உள்ளே வந்தபின் வேலைச் சட்டம் துணைக்கு வருகிறது. மூன்று மாதம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பு தொடங்கும். ஆறு மாதத்தில் அது முழு அளவை எட்டும்: ஆண்டுக்கு 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பு (எம்.சி.), மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால், அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள். காய்ச்சல், அம்மை, டெங்கி எதுவானாலும் இதுதான் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் விடுதியில் சின்னம்மை பரவினால் இந்த விடுப்பும் கிடையாது.

"எம்.சி. எடுத்தா ஓ.டி. போயிடும்ணே" என்று தேக்காவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சட்டப்படியும் சரி. நோய் விடுப்புச் சம்பளத்தில் ஓவர்டைம் சேராது. சாப்பாட்டுப் படி, போக்குவரத்துப் படியும் சேராது. ஓ.டி.யை நம்பியே ஊருக்கு அனுப்பும் தொகையைக் கணக்குப் போட்டிருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு, முழுச் சம்பள விடுப்பு என்பது காகிதத்தில் மட்டும்தான் முழுச் சம்பளம்.

அதே காய்ச்சல் 'வேலையால் வந்தது' என்று ஆகிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் மருத்துவ விடுப்புக்குக் கடந்த 12 மாதச் சராசரி வருமானத்தை எடுத்துக்கொள்கிறது, ஓ.டி.யும் அதில் அடக்கம். முதல் 14 நாளுக்கும், மருத்துவமனையில் என்றால் 60 நாளுக்கும் முழுச் சம்பளம்; அதற்குப்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1 முதல் சிகிச்சைச் செலவுக்கு 53,000 வெள்ளி வரை, உயிரிழந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது 91,000, அதிகபட்சம் 269,000 வெள்ளி. உடலுழைப்புத் தொழிலாளி அனைவருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி இந்தக் காப்புறுதியை எடுத்தே ஆக வேண்டும். வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். நோயாளி அருகில் உட்கார்ந்து பராமரிப்பவர்களை இதிலிருந்து விலக்கி வைத்திருப்பதற்கு என்ன நியாயம் சொன்னாலும் என் மனம் ஒப்பவில்லை.

ஒரே ஆள், ஒரே காய்ச்சல். எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. அதைத் தீர்மானிக்கும் கேள்வி, கிருமி எங்கே உடம்பில் ஏறியது என்பது.

கிருமியின் முகவரி

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் மொழி விபத்துக்காக வார்க்கப்பட்டது. சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இடம், நேரம், சாட்சி எல்லாம் இருக்கும். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் வேலையால் வந்தது என்றே கொள்ள வேண்டும், மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சட்டமே தொழிலாளி பக்கம் ஒரு படி சாய்ந்து நிற்கிறது. நோய்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆந்த்ராக்ஸ் அதில் இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. இன்ன தொழில் செய்தவருக்கு இன்ன நோய் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு அது. பட்டியலில் இல்லாத நோயென்றாலும், வேலையின்போது வேதிப்பொருளோ உயிரிக் காரணியோ பட்டதால் வந்தது என்று காட்டினால் இழப்பீடு கேட்கலாம்.

காட்டினால்!

2016 ஆகஸ்ட் 28 அன்று சிங்கப்பூரில் உள்ளூரிலேயே பரவிய ஸிக்கா தொற்று 41 பேருக்கு இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களில் 36 பேர் சிம்ஸ் டிரைவில் ஒரே கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தளத்தில் வேலையை நிறுத்த உத்தரவு போனது. 41-இல் 36 என்றால் கொசு எங்கே கடித்தது என்று சந்தேகப்பட யாருக்கும் துணிவு வராது. ஆனால் நோய்கள் இப்படி வரிசையாக, ஒரே தளத்தில், எண்ணிக்கை சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். 2020-இல் சிங்கப்பூரில் டெங்கி வந்தவர்கள் 35,000-க்கும் அதிகம். தளத்தின் தண்ணீர்த் தேக்கத்தில் பிறந்த கொசுவா, விடுதிச் சாக்கடையில் பிறந்ததா, ஞாயிறன்று புல்தரையில் கடித்ததா? கொசுவைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்க முடியாது.

இங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு வேலை ஓரிடம், வாழ்க்கை வேறிடம். நடுவில் கோடு போடலாம். பெர்மிட் தொழிலாளிக்கு அந்தக் கோடு எங்கே? தங்கும் இடத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர் முதலாளி. காலையில் லாரியில் ஏற்றுவதும் இரவில் இறக்கிவிடுவதும் முதலாளி. பலருக்குச் சாப்பாடும் கம்பெனி கேட்டரிங். யார் பக்கத்தில் படுப்பது, யார் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்வது என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமும் இதைப் பாதி ஒப்புக்கொண்டிருக்கிறது: முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்தால் அது வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும். லாரி வேலையிடத்தின் நீட்சி. அந்த லாரி கொண்டுபோய் விடும் கட்டில் மட்டும் அந்தக் கணக்கில் வராது. கை முறிந்தால் லாரி வேலையிடம். பக்கத்து ஆளின் இருமல் தொற்றினால் எந்த லாரி, எந்த நாள், யாருடைய இருமல் என்று நிரூபிக்க வேண்டும்.

2020 டிசம்பர் நடுவில் வெளியான கணக்கு இதை எண்ணாகக் காட்டியது. விடுதிகளில் இருந்த 3,23,000 பேரில் 54,505 பேருக்குப் பி.சி.ஆர். சோதனையில் தொற்று உறுதியாகியிருந்தது. ரத்தச் சோதனையில் மேலும் 98,289 பேருக்குத் தொற்று வந்து போனதற்கான தடயம் தெரிந்தது. கூட்டினால் நூற்றுக்கு 47 பேர். இளம் வயது என்பதால் உயிர்ச்சேதம் இரண்டே. தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 25 பேர். அதே காலத்தில் விடுதிக்கு வெளியே, நகரத்தின் மற்ற மக்களிடையே தொற்று மிகச் சொற்பம். ஒரே தீவில், ஒரே ஆண்டில், இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது வேலை அமர்த்தப்பட்ட முறை. எந்தக் கட்டிலில் தொற்றியது என்று தனித்தனியாக நிரூபிக்கச் சொல்வதைவிட, விடுதியில் பரவும் நோயைத் தொழில்சார் நோயாக முன்கூட்டியே கொள்வதுதான் நேர்மை. பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டிய வேலை அது. காப்புறுதிச் சந்தா ஏறும் என்பார்கள், ஏறும்தான். அந்தச் செலவு இப்போதும் இருக்கிறது, ஓ.டி. போன தொழிலாளியின் பையிலிருந்து போகிறது.

கோரிக்கை வைத்தவரின் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். பெர்மிட் ரத்தாகி, கேஸ் முடியும்வரை 'ஸ்பெஷல் பாஸ்' என்ற தற்காலிக அனுமதியில் இருப்பவர் வேலை பார்க்கக் கூடாது. அப்படி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்காக டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறது. கஃப் சாலைத் திட்டம் என்று பெயர். காய்ச்சலுக்காகக் கேஸ் போட்டு, அந்த வரிசையில் போய் நிற்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

பாலிசியின் சிறிய எழுத்து

வேலையால் வராத நோய்க்கு மருத்துவக் காப்புறுதி. பெர்மிட் ஊழியருக்கும், நடுத்தரத் திறனாளருக்கான எஸ் பாஸ் ஊழியருக்கும் இதை முதலாளி வாங்கியே தீர வேண்டும். நெடுங்காலம் அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 15,000 வெள்ளி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் படுத்தாலே கரையக்கூடிய தொகை அது. மீதி முதலாளி தலையில். 2023 ஜூலை 1 முதல் அது 60,000 ஆனது. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் முழுதாகத் தரும். அதற்கு மேல் முக்கால் பங்கு நிறுவனம், கால் பங்கு முதலாளி. மருத்துவமனை ரசீது 40,000 வெள்ளி என்றால் நிறுவனம் 33,750, முதலாளி 6,250.

2025 ஜூலை 1-இல் வந்த இரண்டாம் கட்டம் செய்தித்தாள்களில் அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எதையெல்லாம் விலக்கலாம் என்ற பாலிசி விதிவிலக்குகளை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி ஆக்கினார்கள். சந்தாவை வயதுவாரியாகப் பிரித்தார்கள். நிறுவனம் நேரடியாக மருத்துவமனைக்கே பணம் கட்டும்படி செய்தார்கள். விதிவிலக்கு என்பது பாலிசியின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும் விஷயம். கொள்ளைநோய், சட்டப்படி தனிமைப்படுத்த வேண்டிய தொற்று ஆகியவற்றுக்குப் பணம் தரமாட்டோம் என்ற வாசகம் குழுக் காப்புறுதிகளில் புதிதல்ல. முன்பு மலிவான பாலிசியைத் தேடிய முதலாளிக்கு அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று ரசீது வரும்போதுதான் தெரியும். தொழிலாளிக்கு அப்போதும் தெரியாது. பாலிசியை அவர் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்.

சின்னக் காய்ச்சலுக்கு 2022 ஏப்ரல் முதல் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் ஒன்று கட்டாயமானது. விடுதிவாசிகளுக்கும் கட்டுமானம், கப்பல்பட்டறை, பதனத் தொழில்களில் இருப்பவர்களுக்கும் முதலாளி ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி வரை கட்டுகிறார். தொழிலாளி கிளினிக்குக்குப் போனால் 5 வெள்ளி, தொலைமருத்துவம் என்றால் 2 வெள்ளி. கொரோனாவுக்குப் பிறகு செய்தவற்றில் தொழிலாளியின் நடத்தையை மாற்றக்கூடியது இதுதான். கிளினிக் கட்டணத்துக்குப் பயந்து மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்திக்கொள்கிறவர் ஐந்து வெள்ளியில் மருத்துவரைப் பார்த்தால், தொற்று இரண்டாவது நாளே கண்ணில் படும். ஓ.டி. போகிற கவலையை மட்டும் இந்த ஐந்து வெள்ளி தீர்க்காது.

ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. சிகிச்சைச் செலவு முழுவதும் முதலாளி பொறுப்பு என்பதுதான் பெர்மிட் நிபந்தனை. ஆனால் குறைந்தபட்சக் காப்புறுதிக்கு மேற்பட்ட செலவில் ஒரு பங்கைத் தொழிலாளி ஏற்பதாக வேலை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதி அவர் சம்மதித்திருந்தால் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் மாதச் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடாது, மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. அப்படி ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம் மருத்துவமனைச் செலவு என்று சொல்லிப் பிடித்தம் செய்தால், அந்தச் சம்பளச் சீட்டோடு நேரே மனிதவள அமைச்சுக்குப் போகலாம்.

கடைக்காரர்கள் கதை வேறு மாதிரி போனது. வியாபாரம் நின்றால் ஈடு தரும் பாலிசிகளில் 'அறிவிக்கப்பட வேண்டிய நோய்' என்ற சொற்றொடர் உண்டு. அதன் எடையை ஹாங்காங் ஹோட்டல்கள் சார்ஸ் காலத்தில் தெரிந்துகொண்டன. நியூ வேர்ல்ட் ஹார்பர்வியூ நிறுவனம் தொடுத்த வழக்கில் 2012-இல் அங்குள்ள இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், சார்ஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோயானது 2003 மார்ச் 27-இல்தான், அதற்கு முந்தைய நஷ்டத்துக்கு ஈடில்லை என்று தீர்த்தது. அதே மாதத் தொடக்கத்தில் வெறிச்சோடிய அறைகளுக்குக் காசு இல்லை. 2020 மார்ச்சில் லண்டன் லாயிட்ஸ் சந்தை சொத்துப் பாலிசிகளிலிருந்து தொற்றுநோயையே விலக்கும் புதிய வாசகத்தை வெளியிட்டது. காப்புறுதி கைவிட்ட இடத்தில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வந்தது. கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம் ஏப்ரல் 7-இல் நிறைவேறி, அந்த மாதம் 20-ஆம் தேதி முதல் ஒப்பந்தக் கடமைகளைத் தள்ளிப்போட வழி கொடுத்தது. கடை வாடகை, கட்டுமான ஒப்பந்தம், திருமண மண்டப முன்பதிவு எல்லாம் அதில் வந்தன. வேலை ஒப்பந்தம் அந்தப் பட்டியலில் இல்லை. கடைக்கு அவகாசம் சட்டமாக வந்தது, தொழிலாளிக்குச் சம்பளம் ஆலோசனைக் குறிப்பாக வந்தது.

ஆலோசனைக் குறிப்பு எந்தப் பக்கமும் திரும்பும் என்பதை 2021 அக்டோபர் காட்டியது. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஊழியரை, வேறு வேலைக்கு மாற்ற வழியில்லாதபோது கடைசிக் கட்டமாக முன்னறிவிப்பு கொடுத்து நிறுத்தினால் அது முறையற்ற பணிநீக்கம் ஆகாது என்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்புக் குறிப்பு சொன்னது. தடுப்பூசியின் அவசியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு நிபந்தனை பாதி வழியில் ஏறி உட்கார்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

விடுதிகளின் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது, அவசரப்படாமல். 2021 செப்டம்பரில் அறிவித்த தரப்படி, புதிதாகக் கட்டும் விடுதியில் ஓர் அறைக்கு 12 பேர்தான், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி, அறையோடு கழிவறை, ஆயிரம் பேருக்குப் பத்துத் தனிமைக் கட்டில். அதே மாதம்தான், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, தடுப்பூசி போட்ட தொழிலாளர்கள் வாரம் 500 பேராகச் சில மணி நேரம் லிட்டில் இந்தியாவைப் பார்க்க வெளியே விடப்பட்டார்கள். பழைய விடுதிகள் 2030-க்குள் இடைக்காலத் தரத்துக்கும், 2040-க்குள் முழுத் தரத்துக்கும் வர வேண்டும். இன்று இருபத்தைந்து வயதில் வந்து இறங்குகிறவர் நாற்பதை நெருங்கும்போது எல்லாக் கட்டிலும் சரியாகியிருக்கும்.

ஊர்ப் பக்கம் என்ன ஏற்பாடு? குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்குச் சந்தா சில நூறு ரூபாய்தான், பத்து லட்சம் ரூபாய் காப்பீடு. மலேசியா அந்த 18-இல் இருக்கிறது. சிங்கப்பூர் இல்லை. ஒரே சிவகங்கை வீட்டிலிருந்து ஜொகூருக்குப் போகும் தம்பியிடம் அந்தப் பாலிசி இருக்கும், கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் இறங்கும் அண்ணனிடம் இருக்காது. தம்பி வைத்திருக்கும் பத்து லட்சமும் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோதான். காய்ச்சலில் இறந்தால் கிடையாது.